பெர்ல் சிறப்பு மாறிகள்: ஒரு சிஸ்டத்தில் தேறி இன்னொன்றில் விழும் சோதனைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

பெர்ல் என்ற நிரல்மொழியில் குறிகளால் பெயரிடப்பட்ட சிறப்பு மாறிகள் உண்டு. அவற்றில் பல, பெர்ல் தன் கையில் வைத்திருக்கும் மதிப்புகள் அல்ல. $$ (ப்ராசஸ் எண்), $! (கடைசிப் பிழை), $> (பயனர் எண்) போன்றவற்றைப் படிக்கும்போது பின்னால் இயங்குதளம் பதில் சொல்கிறது. நிரலின் பெயரான $0-க்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது கர்னல் வரை போய்ச் சேருகிறது. அதனால்தான் லினக்ஸில் பச்சையாக ஓடிய சோதனை மேக்கிலோ விண்டோஸிலோ சிவப்பாகிறது. பெர்லின் மூல நிரலோடு வரும் சோதனைத் தொகுப்பில் இந்த மாறிகளுக்கென்றே ஒரு கோப்பு உண்டு. எந்த சிஸ்டத்தில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே அதில் கணிசமான வரிகள் போகின்றன.

எழுத்து வரும் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம்: $^ஓ, $^எக்ஸ், $^ஈ, $^வி, %என்வி, %சிக், @இன்க். நிரலில் அவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். சோதனைக் கோப்பின் தலையிலேயே $^ஓ (இயங்குதளத்தின் பெயர்), $^வி (பெர்லின் பதிப்பு), $^எக்ஸ் (ஓடும் பெர்லின் பாதை) மூன்றையும் சோதனை மாட்யூலான டெஸ்ட்::மோரின் டயக் வழியாக அச்சிடுங்கள். "விண்டோஸ் பிரச்சினை" என்று வருபவற்றில் பல, உண்மையில் பெர்ல் பதிப்பு வித்தியாசம்தான். உதாரணமாக 2017-இல் வந்த 5.26 பதிப்பிலிருந்து, மாட்யூல்களைத் தேடும் அடைவுகளை வைத்திருக்கும் @இன்க் பட்டியலில் நடப்பு அடைவைக் குறிக்கும் புள்ளி கிடையாது. பழைய பெர்ல் உள்ள கணினியில் சோதனைக்கான துணைக்கோப்பு கிடைக்கும், புதியதில் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று நிற்கும். அதற்கும் இயங்குதளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கட்டளை வரியில் ஒற்றை வரியாகச் சோதித்தால் விடை விசித்திரமாக வருகிறது

சோதிக்கும் கருவியே கோணலாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். ஆகவே இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டுக்கு ஒற்றை மேற்கோள் என்றால் ஒன்றுமில்லை, அது வெறும் எழுத்து. லினக்ஸ் பழக்கத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் நிரலை எழுதி அனுப்பினால், பெர்ல் அந்த மேற்கோளையே நிரலின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, சரம் முடியவில்லை என்று புகார் சொல்லும். சரி, எல்லா இடத்திலும் இரட்டை மேற்கோள் போட்டுவிடலாம் என்று மாற்றினால் லினக்ஸில் அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. $$, $?, $!, $0 நான்கும் பாஷ் ஷெல்லுக்கும் சொந்தமான மாறிகள். இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் ஷெல் அவற்றை முதலில் தின்றுவிட்டுத்தான் பெர்லை எழுப்பும். $$-ஐ அச்சிடச் சொன்னால் ஒரு எண் வரும், பார்க்க ப்ராசஸ் எண் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஷெல்லின் எண். இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்: இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் பதில் சொல்வது ஷெல், பெர்ல் அல்ல. $?-க்கு 0 வருவதும் முந்தைய ஷெல் கட்டளையின் வெளியேறு எண்தான். பவர்ஷெல்லிலும் $$, $? இரண்டும் உண்டு, அங்கேயும் இதே கதை.

தீர்வு எளிது: சிறப்பு மாறிகளை ஒற்றை வரியில் சோதிக்காதீர்கள். ஒரு கோப்பில் எழுதி ஓட்டுங்கள்.

மேக்கில் விண்டோஸுக்கான கிளை ஓடுகிறது

$^ஓ-வில் "வின்" இருக்கிறதா என்று ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் குறிமுறை) போட்டிருப்பீர்கள். மேக்கின் பெயர் அங்கே "டார்வின்". விண்டோஸில் யூனிக்ஸ் சூழல் தரும் சிக்வினும் அப்படித்தான். இரண்டிலும் கடைசியில் "வின்" உட்கார்ந்திருக்கிறது.

ரெஜெக்ஸை எடுத்துவிட்டு, முழுப் பெயரோடு, சரங்கள் சமமா என்று பார்க்கும் ஈக்யூ கொண்டு ஒப்பிடுங்கள். விண்டோஸுக்கு அது "எம்எஸ்வின்32". 64 பிட் பெர்லிலும் 32 என்றே இருக்கும், அதை வைத்து பிட் அளவை முடிவு செய்யக்கூடாது. பெரிய எழுத்து சிறிய எழுத்தும் முக்கியம்: லினக்ஸ், டார்வின், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் எல்லாம் சிறிய எழுத்தில் வரும். விண்டோஸ் கலந்து வரும், விஎம்எஸ் முழுக்கப் பெரிய எழுத்து.

இன்னொன்று, $^ஓ என்பது அந்த பெர்ல் எந்த சிஸ்டத்துக்காகக் கட்டப்பட்டதோ அதன் பெயர். ஒரே விண்டோஸ் கணினியில், விண்டோஸுக்கான தொகுப்பான ஸ்ட்ராபெரி பெர்ல் "எம்எஸ்வின்32" என்று சொல்லும், சிக்வின் பெர்ல் "சிக்வின்", விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் ஓடுவது "லினக்ஸ்", கிட்டோடு சேர்ந்து வரும் பெர்ல் பொதுவாக "எம்சிஸ்". தானியங்கிச் சோதனையில் பாஷ் ஷெல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நீங்கள் நினைத்த ஸ்ட்ராபெரிக்குப் பதில் கிட்டின் பெர்ல் ஓடிக்கொண்டிருக்கும். தலையில் அச்சிட்ட $^எக்ஸ்-ஐப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

$!-இன் எண் அல்லது செய்தி ஒத்துப்போகவில்லை

$! எண்ணாகப் பார்த்தால் எண், சரமாகப் பார்த்தால் செய்தி. இரண்டுமே சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும். கோப்பு இல்லை என்பதற்கு 2, அனுமதி இல்லை என்பதற்கு 13, ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு 17: இவை பழைய யூனிக்ஸ் காலத்து எண்கள், வழக்கமான சிஸ்டங்களில் ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஒற்றுமைதான் ஆளை ஏமாற்றுகிறது. பிறகு வந்த எண்களைப் பாருங்கள். "இப்போது முடியாது, மறுபடி முயற்சி செய்" என்ற ஈஅகெய்ன் லினக்ஸில் 11, மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் 35. அடைவு காலியாக இல்லை என்பது லினக்ஸில் 39, மேக்கில் 66, விண்டோஸில் 41. இணைப்பு மறுக்கப்பட்டது என்பது லினக்ஸில் 111, மேக்கில் 61, விண்டோஸின் சாக்கெட் நூலகமான விண்சாக்கில் 10061.

எண் வேண்டாம், செய்தியை ஒப்பிடலாம் என்றால் அதுவும் நிற்காது. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் என்பதற்கு ஜிலிப்சி என்ற சி நூலகம் உள்ள லினக்ஸ் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்கிறது. ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மசல் நூலகம் "அட்ரஸ் இன் யூஸ்" என்று முடித்துக்கொள்கிறது. நேரம் கடந்தது என்பதற்கு ஜிலிப்சி "கனெக்ஷன் டைம்ட் அவுட்", மசலும் மேக்கும் "ஆபரேஷன் டைம்ட் அவுட்". லினக்ஸ் என்ற ஒரே பெயருக்குள்ளேயே செய்தி இரண்டு விதம். $^ஓ பார்த்துக் கிளை பிரித்தாலும் பயனில்லை. 5.22-க்கு முந்தைய பெர்லில் பயனரின் லொகேல் மொழியிலும் செய்தி வரலாம்.

பெயரைக் கேளுங்கள். %! என்ற ஹாஷில் பிழைப்பெயரைச் சாவியாகக் கொடுத்தால், இப்போதுள்ள பிழை அதுதானா என்று உண்மை அல்லது பொய் கிடைக்கும். எண்ணாக ஒப்பிட வேண்டுமென்றால் எர்னோ மாட்யூலிலிருந்து அந்த மாறிலியை இறக்குமதி செய்து இரட்டைச் சமக்குறியோடு ஒப்பிடுங்கள். செய்தியைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால், $!-க்கு அந்த மாறிலியையே கொடுத்து அங்கேயே கிடைக்கும் சரத்தை எதிர்பார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிஸ்டத்தின் சொல் அந்த சிஸ்டத்திலேயே கிடைக்கும்.

பெயரே மாறும் இடங்களும் உண்டு. ஓர் அடைவைக் கோப்பு போலப் படிக்கத் திறந்தால் லினக்ஸில் திறப்பது வெற்றி பெறும், படிக்கும்போதுதான் "இது அடைவு" என்று தோற்கும். விண்டோஸில் திறக்கும்போதே "அனுமதி இல்லை". இங்கே சோதனை எந்தப் பிழை என்று கேட்காமல், "உள்ளடக்கம் எதுவும் கிடைக்கவில்லைதானே" என்று மட்டும் கேட்பது நல்லது.

எதுவும் தோற்கவில்லை, ஆனாலும் $!-இல் பிழை இருக்கிறது

கணினி அழைப்பு வெற்றி பெற்றால் $! சுழியாகாது, பழைய மதிப்பு அப்படியே கிடக்கும். சாதாரணக் கோப்பைத் திறக்கும்போது பெர்ல் உள்ளுக்குள் "இது டெர்மினலா" என்று கேட்டுப் பார்ப்பதால், லினக்ஸில் 25 என்ற எண்ணும் "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத ஐஆக்டில்" என்ற பொருளில் ஒரு செய்தியும் தங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு வட்டு பழுதா என்று தேடப் போக வேண்டாம். செயல் தோற்றது என்று திருப்பு மதிப்பு சொன்ன பிறகுதான் $!-ஐப் பார்க்க வேண்டும். பார்த்த உடனே ஒரு சாதாரண மாறியில் எடுத்து வையுங்கள். இடையில் ஒரு அச்சு வரி வந்தாலும் அது மாறிவிடலாம்.

விண்டோஸின் $^ஈ-க்கு இது இன்னும் அவசரம். அது விண்டோஸின் கடைசிப் பிழை எண்ணைக் காட்டுவது, அடுத்த ஏபிஐ அழைப்பு வந்தால் போய்விடும். லினக்ஸிலும் மேக்கிலும் $^ஈ என்பது $!-இன் மறு பெயர்தான். எனவே இரண்டும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சோதனை அங்கே தானாகவே விழும்.

சிக்னல் கொடுத்துக் கொன்ற ப்ராசஸின் $? சரியாக இல்லை

$? என்பது முடிந்த ப்ராசஸின் நிலை. யூனிக்ஸ் வழியில் அதன் கீழ் 7 பிட்டில் சிக்னல் எண், 128-க்கான பிட்டில் கோர் டம்ப், அதற்கு மேல் வெளியேறு எண். அதனால் $? & 127 சிக்னலையும் $? >> 8 வெளியேறு எண்ணையும் தரும். விண்டோஸில் கில் என்பது சிக்னல் அனுப்புவதில்லை. பொதுவாக அந்த ப்ராசஸை உடனே நிறுத்தி, நீங்கள் கொடுத்த சிக்னல் எண்ணையே அதன் வெளியேறு எண்ணாக வைத்துவிடும். 9 கொடுத்தால் லினக்ஸில் $? & 127 என்பது 9. விண்டோஸில் அது 0, $? >> 8 தான் 9. "ப்ராசஸ் இயல்பாக முடியவில்லை" என்பதைச் சோதிக்க $? சுழி இல்லை என்று பார்த்தால் போதும், இரண்டு இடத்திலும் நிற்கும்.

இல்லாத கட்டளையை ஓட்டினால் யூனிக்ஸில் -1 வரும். ஆனால் அந்தக் கட்டளை வரியில் நட்சத்திரமோ குழாய்க்குறியோ இருந்தால் ஷெல் வழியாகப் போகும், அப்போது ஷெல்லின் 127 எட்டு பிட் மேலே தள்ளப்பட்டு 32512 ஆக வரும். ஒரே சிஸ்டத்தில் இரண்டு விடை! வாதங்களைப் பட்டியலாகப் பிரித்துக் கொடுத்தால் ஷெல் நுழையாது. விண்டோஸில் -1-ஐ எதிர்பார்க்கவே வேண்டாம்.

ஃபோர்க் தோற்றதாக விண்டோஸ் சொல்கிறது, ஆனால் பிள்ளை ஓடுகிறது

ஃபோர்க் ஒரு ப்ராசஸைத் தாய், பிள்ளை என இரண்டாக்கும். விண்டோஸில் பெர்ல் அதை இழைகளைக் கொண்டு பாவனை செய்கிறது. தாய்க்குத் திரும்பும் எண் எதிர்மறை. பிள்ளைக்குள் $$-உம் எதிர்மறை. "எண் சுழியைவிடப் பெரிதென்றால் தாய்" என்று எழுதிய நிரல் அங்கே தோல்விக் கிளைக்குப் போய்விடும். சரியான வரிசை: மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்றால் தோல்வி, சுழி என்றால் பிள்ளை, மற்றதெல்லாம் தாய். $$ முழுக்க இலக்கங்கள்தானா என்று பார்க்கும் ரெஜெக்ஸிலும் முன்னால் கழித்தல் குறி வரலாம் என்று விடுங்கள்.

$0-க்குக் கொடுத்த பெயர் பிஎஸ் பட்டியலில் வரவில்லை, அல்லது வெட்டுப்பட்டு வருகிறது

லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்குப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது: கட்டளை வரி ஒன்று, கர்னல் வைத்திருக்கும் குறும்பெயர் ஒன்று. 5.14-க்கு முன் $0-க்குக் கொடுத்தது கட்டளை வரியை மட்டும் மாற்றியது. 5.14 முதல் குறும்பெயரும் மாறுகிறது. ஆனால் குறும்பெயருக்கு முடிவுக்குறியோடு சேர்த்து 16 பைட்தான் இடம், அதாவது கண்ணுக்குத் தெரிவது 15. தமிழில் பெயர் வைத்தால் யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் ஐந்து குறியீட்டோடு நின்றுவிடும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடாகவே எண்ணப்படும். "வணக்கம்" என்ற சொல்லில் வ, ண, க், க வரை வரும், கடைசி "ம்" வராது.

ஆகவே சோதனையில், ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையின் எந்தப் பத்தியைப் படிக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். காம் பத்தி என்றால் முதல் 15 பைட்டோடு ஒப்பிடுங்கள், ஆர்க்ஸ் பத்தி என்றால் முழுப் பெயரோடு. ஆல்பைனின் பிஸிபாக்ஸ் பிஎஸ்ஸில் ப்ராசஸ் எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓட வேண்டுமென்றால் ப்ராக் அடைவில் $$ பெயரில் உள்ள துணை அடைவின் காம், சிஎம்டிலைன் கோப்புகளை நேரே படிப்பது நல்லது.

பிஎஸ்டி குடும்பத்தில் பெயருக்கு முன்னால் "பெர்ல்:" என்றும் பின்னால் அடைப்புக்குறியில் "பெர்ல்" என்றும் ஒட்டிக்கொள்ளலாம். எது ஒட்டும் என்பது வகையையும் பதிப்பையும் பொறுத்தது. அது இயங்குதளத்தின் ஏற்பாடு, பெர்லால் எடுக்க முடியாது. சமமா என்று கேட்காமல் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். சில சிஸ்டங்களில் பெயரின் பின்னால் இடைவெளிகள் நிரம்பி வரும், ஒப்பிடும் முன் நறுக்கிவிடுங்கள். விண்டோஸில் $0-ஐ மாற்றினால் மாறி மட்டும் மாறும், டாஸ்க் மேனேஜரில் ஒன்றும் தெரியாது. அங்கே அந்தச் சோதனையைத் தவிர்ப்பதே சரி.

அனுமதிச் சோதனைகள் விண்டோஸில் ஒன்றுமே ஓடவில்லை, கன்டெய்னரில் எல்லாம் விழுகின்றன

இரண்டுக்கும் வேர் $> தான். கோப்பின் அனுமதியை 0 ஆக்கிவிட்டுத் திறந்தால் தோற்க வேண்டும் என்பது வழக்கமான சோதனை. ரூட்டாக ஓடினால் கர்னல் அனுமதி பிட்டுகளைப் பொருட்படுத்தாது, கோப்பு திறந்துவிடும். கன்டெய்னர்களில் வேறு பயனர் சொல்லாவிட்டால் ரூட்தான், அதனால் அங்கே விழுகிறது. அதைத் தடுக்க "$> == 0 என்றால் தவிர்" என்று எழுதுவார்கள். விண்டோஸ் பெர்லில் $<, $> இரண்டும் எப்போதும் 0. எந்தப் பயனராக இருந்தாலும் ரூட் மாதிரியே தெரியும், எனவே அந்தச் சோதனைகள் சத்தமில்லாமல் தவிர்க்கப்படும். சிவப்பாக விழுவதைவிட இது ஆபத்து, ஏனென்றால் யாரும் பார்ப்பதில்லை.

பயனர் எண்ணைக் கேட்பதை விடுங்கள். தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அனுமதியை 0 ஆக்கி, திறந்து பாருங்கள். திறந்தால் இந்த இடத்தில் அனுமதி பிட்டுக்கு மரியாதை இல்லை என்று பொருள், காரணம் சொல்லித் தவிர்க்கலாம். ரூட், விண்டோஸ் இரண்டையும் இந்த ஒரே கேள்வி பிடித்துவிடும்.

$( மாறியில் குழு எண்கள் இடைவெளி விட்டு வரிசையாக வரும். முதல் எண் பின்னாலும் ஒருமுறை வரலாம், வரிசை சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும். பிரித்து, மறுவரவை நீக்கி, எண் வரிசையில் அடுக்கிய பிறகே ஒப்பிடுங்கள். மேக்கில் குழுப் பட்டியல் கேட்கும் அழைப்பு 16 குழுக்களோடு நின்றுவிடும் என்பதால் ஐடி கட்டளை காட்டும் பட்டியல் நீளமாக இருக்கலாம்.

%என்வி-யில் வைத்தது காணாமல் போகிறது

விண்டோஸில் சூழல் மாறிகளுக்குப் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. பெர்ல் சாவிகளைப் பெரிய எழுத்தாக்கி வைக்கும். சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் இரண்டு மாறி வைத்துச் சோதித்தால் ஒன்றுதான் மிஞ்சும். மேக்கில் டிஒய்எல்டி என்று தொடங்கும் மாறிகள், சிஸ்டத்தோடு வரும் பெர்லுக்குள் நுழைவதற்கு முன்பே பாதுகாப்புக் காரணமாக நீக்கப்படும். அவை தேவையென்றால் தனியாக நிறுவிய பெர்லில் ஓட்டுங்கள்.

சுத்தமான சூழல் வேண்டும் என்று %என்வி-யை முழுதாகக் காலி செய்துவிட்டு விண்டோஸில் பிள்ளை ப்ராசஸை ஓட்டினால் சாக்கெட் திறக்காது. சிஸ்டம்ரூட் என்ற மாறி இல்லாமல் விண்சாக் தன் கோப்புகளைக் கண்டுபிடிக்காது. காலி செய்யும்போது அதை மட்டும் விட்டுவையுங்கள். பாத் மாறியைப் பிரிக்கும் குறியையும் கையால் எழுதாதீர்கள், கான்ஃபிக் மாட்யூலின் பாத்_செப் சொல்லும்.

கிடைத்ததும் எதிர்பார்த்ததும் கண்ணுக்கு ஒன்றாக இருக்கின்றன, சோதனை மட்டும் விழுகிறது

திரையை உற்றுப் பாருங்கள். "கிடைத்தது" என்ற வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய # குறி காணாமல், அந்த இடத்தில் ஒற்றை மேற்கோள் இருந்தால் சரத்தின் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருக்கிறது. அது கர்சரை வரியின் தலைக்குக் கொண்டுபோனதால் மூடும் மேற்கோள் # மேலே விழுந்துவிட்டது. வரிமுடிவை நீக்கும் சோம்ப் எடுப்பது $/-இல் உள்ளதை மட்டும், அது வெறும் புதுவரி. விண்டோஸில் படிக்கும்போது பெர்லின் சிஆர்எல்எஃப் அடுக்கு அந்த எழுத்தை முன்பே எடுத்துவிடும். அதே கோப்பை லினக்ஸில் படித்தால் எடுக்க ஆளில்லை. சோதனைத் தரவுக் கோப்புகளின் வரிமுடிவை கிட்டின் பண்புக்கோப்பில் நிலையாக அறிவித்துவிடுங்கள். பைட் எண்ணிக்கை முக்கியமான இடங்களில், வரிமுடிவை மாற்றாமல் படிக்கச் சொல்லும் பின்மோட் கட்டாயம்.

$^எக்ஸ் கொண்டு ஓட்டினால் பெர்லே இல்லை என்கிறது

லினக்ஸில் பெர்ல் இதை ப்ராக் அடைவு வழியாகவும், ஃப்ரீபிஎஸ்டியில் கணினி அழைப்பு வழியாகவும், மேக்கில் சிஸ்டம் நூலகத்தின் செயற்கூறு வழியாகவும் கண்டுபிடிக்கிறது. அந்த வசதி இல்லாத இடத்தில் நீங்கள் தட்டிய பெயரே வரும். அது சார்புப் பாதையாக இருந்து, நடுவில் அடைவு மாற்றினால் பாதை செத்துவிடும். சோதனை தொடங்கியதுமே முழுப்பாதையாக்கி வையுங்கள். பாதையில் இடைவெளி இருக்கலாம் என்பதால் பட்டியல் வடிவில் ஓட்டுங்கள். துணை நிரல்களை நேரடியாக ஓட்டாமல் எப்போதும் $^எக்ஸ் வழியாகவே ஓட்டுங்கள், முதல் வரியின் #! குறியை விண்டோஸ் மதிப்பதில்லை.

அலாரம் அடிக்கவில்லை

விண்டோஸில் அலாரம் பாவனைதான், தடுத்து நிற்கும் கணினி அழைப்பை அதனால் உடைக்க முடியாது. சாக்கெட் படிப்பில் நேர வரம்பைச் சோதிக்க செலக்ட் பயன்படுத்துங்கள். சிக்னல் கையாளிகளை வைக்கும் %சிக்-கில் எண்ணுக்குப் பதில் பெயரையே புழங்குங்கள்: யூஎஸ்ஆர்1 லினக்ஸில் பெரும்பாலும் 10, மேக்கில் 30.

தவிர்த்தே ஆக வேண்டுமென்றால்

$^ஓ பட்டியல் எழுதித் தவிர்ப்பது கடைசி வழி. அடுத்து வரும் சிஸ்டம் அந்தப் பட்டியலில் இருக்காது. திறனைக் கேளுங்கள்: கான்ஃபிக்கில் டி_ஃபோர்க் உண்டா, இல்லையென்றால் பாவனைக்கான டி_சூடோஃபோர்க் உண்டா என்று பார்க்கலாம். தவிர்க்கும்போது காரணத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள், சோதனைகளை ஓட்டும் ப்ரூவ் கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டும்போது அது தெரியும். நிரல் முழுவதுமே ஒரு சிஸ்டத்தில் ஓடாது என்றால், மேக்ஃபைல்.பிஎல் கோப்பில் "ஓஎஸ் அன்சப்போர்டட்" என்ற செய்தியோடு நிறுத்துங்கள். அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் அப்படியே, கடைசியில் புதுவரியோடு எழுதினால், வெளியிடப்பட்ட பெர்ல் மாட்யூல்களைச் சோதிக்கும் சிபான் டெஸ்டர்ஸ் அதைத் தோல்வியாக எண்ணாமல் "பொருந்தாது" என்று பதிவு செய்யும்.